கேட்க ஆளில்லாத காய்ச்சல்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், நைனாவோடு ஹார்பர் க்யூவில் நின்ற டிரைவர் அண்ணன்களுக்கும் என் வணக்கம். நைனா என்று நான் கூப்பிட்ட என் அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பிறந்தது, வளர்ந்தது, உழைத்தது, மறைந்தது என்று வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறார் அத்தை. முயல்கிறேன். ஆனால் நைனாவை நினைத்தால் எனக்கு எதுவும் வரிசையாக வருவதில்லை. முதலில் நெற்றியில் அவருடைய புறங்கைதான் வருகிறது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு தெரியாது என்று, எனக்குக் காய்ச்சலா என்பதை எப்போதும் புறங்கையை வைத்துத்தான் பார்ப்பார்.

நைனா பிறந்தது காசிமேட்டில், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்தில். நைனாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினாலே வாந்தி. "நாம மீனு புடிக்கப் போறோம், இவன் மீனுக்கு சோறு போட வர்றான்" என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்களாம். அந்தக் கிண்டல் பொறுக்காமல் கரையிலேயே நின்று, லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவரானார். கடைசிவரை கன்டெய்னர் ட்ரெய்லர்தான் ஓட்டினார். எண்ணூர் சாலையில் ஹார்பர் கேட்டுக்காக வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரியும். அதில் ஓட்டுவது கொஞ்சம், நிற்பது நிறைய.

அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு எர்ணாவூரில் குடிவைத்தார். எனக்குச் சரியாக நினைவு வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுக்குக் கஷாயம், ரசம் சோறு, ஈரத்துணி. அது வேறு காய்ச்சல் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் நிற்கவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நைனா அங்கிருந்த டாக்டரிடம் கேட்டாராம். "அத இப்ப சொல்ல முடியாதுங்க" என்றாராம் அவர். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தாலும், பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தாலும் நைனாவுக்கு ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து உட்கார இடம் கிடைத்திருக்கும். அந்தப் பதில் அவரை நடுவிலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு மூக்கு ஒழுகினால்கூட, இது கஷாயத்தில் போகும் காய்ச்சலா, டாக்டரிடம் ஓட வேண்டிய காய்ச்சலா என்று அந்த மனிதர் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் இதைக் கணவனும் மனைவியும் சண்டை போட்டாவது முடிவு செய்வார்கள். நைனாவுக்குச் சண்டை போடவும் ஆளில்லை.

அதனால் க்யூவில் கேட்பார். பகலெல்லாம் வண்டிகள் நகராது, டிரைவர்கள் இறங்கி நிழலில் நிற்பார்கள், நைனா ஒவ்வொருவராகப் போய், "கொயந்திக்கு இருமல், இன்னா செய்யலாம்?" என்பார். நெல்லூர் டிரைவர் ஓமம் என்பார். பீகார்க்காரர் கடுகெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி உள்ளங்காலில் தேய்க்கச் சொல்வார். தூத்துக்குடிக்காரர் கருப்பட்டியும் மிளகும் என்பார். யார் சொன்னதை விடுவது என்று தெரியாமல் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண், "மிஸ், இவ மேல ஊறுகா வாசன வருது" என்று எழுந்து நின்று சொன்னாள். அதை நைனாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இருமல் நின்னுச்சா இல்லியா, அத சொல்லு" என்றார். நின்றிருந்தது. எதனால் நின்றது என்று இருவருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு பாத்திமாக்கா, மாலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலுக்கு என்னைத் தூக்கிப்போய் ஓதி ஊதச் சொல்வார். அதற்கும் நைனா சரி என்பார். திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அங்கேயும் போவார். போகும்போது அதுவரை கொடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்தையும் நீங்களே குடுத்துட்டீங்களா, இல்ல எனக்கும் கொஞ்சம் விட்டு வச்சிருக்கீங்களா?" என்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அம்மை போட்டது. இரண்டாம் வகுப்பு. வயிற்றில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததும் நைனா அத்தைக்கு போன் செய்தார். அத்தை நைனாவுக்கு மூத்தவர், காசிமேட்டிலிருந்து வேப்பிலைக் கட்டோடு வந்து இறங்கினார். வாசலில் செருகினார், பாயைச் சுற்றிப் பரப்பினார், தாளிப்பு கூடாது, வெளியாள் கூடாது என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்:

"வூட்டுக்கு அம்மா வந்துகீறாங்க. நீ சொறியாம கொள்ளாம படுத்துகினு இரு."

அம்மை போட்டால் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் சொல்தான். பெயர் சொல்லக் கூடாது, அம்மா என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதில் குழப்பம் வராது. எனக்கு வந்தது.

"எப்ப வந்தாங்க?" என்று கேட்டேன்.

"காலீலயே வந்துட்டாங்க. உன் மேலதான் எறங்கிகீறாங்க."

"எப்ப போவாங்க?"

"தண்ணி ஊத்துனா போயிடுவாங்க."

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொறியவில்லை. அழவில்லை. பாயில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம்விட்டுப் படுத்தேன். இளநீரை முழுவதும் குடிக்காமல் பாதி வைத்தேன். அத்தை அதைப் பார்த்து, "இன்னா பொறுமையா கீது பாரு, அம்மா வந்தா இப்டித்தான் கொயந்த அடங்கிடும்" என்று பூரித்தார். நைனாதான் அந்தப் பாதி இளநீரையும் பாயில் விட்ட இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவதை நைனா பார்த்துவிட்டார். ஒரு மத்தியானம், டாக்டரிடம் போகலாம் என்று எழுந்தார். அத்தை வாசலை மறித்துக்கொண்டார்.

"இன்னாடா தம்பி, பைத்தியமா உனக்கு? அம்மா உள்ள இருக்கசொல்ல ஊசி போட இட்டுகினு போவியா? கோச்சுகினாங்கன்னா கண்ணுல எறங்குவாங்க."

"மூச்சு வாங்குது யக்கா."

"வாங்கும். எறங்கசொல்ல வாங்கும்."

"எறங்கலன்னா?"

அத்தை வாசல் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரும் பயந்துதான் போயிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். தம்பி மனைவியைச் சாகக் கொடுத்தவர் அவரும்தானே. அன்று அவரிடம் இருந்ததெல்லாம் அந்த வேப்பிலையும் அந்த நம்பிக்கையும்தான்.

நான் பாயிலிருந்து கேட்டேன். "நைனா, டாக்டர்கிட்ட போனா அம்மா போயிடுவாங்களா?"

அடுத்து நடந்ததைத்தான் அத்தை எனக்குப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். உன் நைனா அப்படியே சுவரில் கைவைத்து நின்றுவிட்டான், யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று தெருவைப் பார்த்தான், தெருவில் ஒருவருமில்லை என்பார். பிறகு நைனா வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"அம்மாவையும் இட்டுகினு போலாம் கண்ணு. அன்னிக்கி அவங்கள நேரத்தோட காட்டாம வுட்டுட்டேன். இப்ப ரெண்டு பேரையும் காட்டிடலாம்."

அம்மை போட்ட பிள்ளையை எந்த ஆட்டோவும் ஏற்றாது. நைனா போய் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு லாரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். என்னை வேப்பிலையோடு வேட்டியில் சுற்றித் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் கிடத்தினார். கிளீனர் சீட்டைத் துண்டால் துடைத்துக் காலியாக விட்டார். நான் சொல்லாமலே விட்டார். வழியில் ஒரு டிரைவர் கையைக் காட்டி லிஃப்ட் கேட்டபோது, "ஆள் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளினிக்கில் கம்பவுண்டர் எங்களை உள்ளே விடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று வண்டியிலேயே இருக்கச் சொன்னார். அங்கே காத்திருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்போடு வெளியே வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிப் படியில் ஏறினார்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"நானும் அவங்க அம்மாவும்" என்றார் நைனா.

அம்மா இல்லாத பிள்ளை என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு என் நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, மருந்து உடனே தொடங்க வேண்டும், இன்னும் விட்டிருந்தால் சிரமம் என்றார். "வேப்பிலை இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். மருந்து ஒரு வேளகூட விடக் கூடாது. நாளைக்கும் இதே மாதிரி வண்டியோட வாங்க, நான் வெளிய வந்து பாக்கறேன்."

மருந்து வேலை செய்தது. அல்லது அம்மா தானாக இறங்கினார். இரண்டையும் நம்புகிறவர்கள் இந்த மலரைப் படிப்பீர்கள் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தபோதுதான் நான் அழுதேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பின்கட்டுக்கு வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க போவணும் கண்ணு," என்றார் நைனா. "எல்லா வூட்லயும் கொயந்திங்களுக்குப் போட்டுகினு கீது. எல்லாத்தையும் பாக்கணும்ல அவங்க?"

"அவங்களுக்கு நான்தானே கொயந்த?"

நைனா சொம்பை எடுத்து ஊற்றினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் பாதி என் மேலும் பாதி தரையிலும் விழுந்தது.

அம்மா இருந்த வீட்டிலிருந்து பிள்ளையை ஊசிக்குத் தூக்கிப்போன கோபத்தில் அத்தை வெகுநாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நைனா போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த காய்ச்சலுக்கு நைனாவிடம் கேட்பதற்கு இன்னும் ஓர் ஆள் குறைந்தது. பிள்ளை பிழைத்தது, அக்கா போனாள் என்று அவர் யாரிடமும் புலம்பியதில்லை. பிறகு ஒருநாள் அத்தையே நெத்திலிக் குழம்போடு வந்து, "உனக்கு இல்லடா, என் மருமகளுக்கு" என்று சொல்லி உள்ளே வந்தார். இப்போதும் அப்படித்தான் வருகிறார்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன். நைனா க்யூவிலேயே இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலேயே சிலர் இருக்கிறீர்கள். வண்டியில் ஆள் ஏற்ற இடமில்லை என்று சிரித்து அனுப்பியிருக்கிறார். தனக்கு உடம்புக்கு வந்தால் அவருக்குக் கேள்வியே கிடையாது. எதுவாக இருந்தாலும் வாய்வுதான், மருந்து ஓமத் தண்ணீர்தான்.

சென்ற ஆண்டு க்யூவிலிருந்து எனக்கு போன் வந்தது. "பாப்பா, மாருல புடிச்சிகினு கீது. வாய்வுதான். ஓமத்தண்ணி குடிச்சிட்டேன். சொம்மாதான் சொன்னேன்." தனக்காக அவர் ஒருவரிடமும் கேட்டதே இல்லை; அதனால் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்ற டிரைவர் அண்ணன் தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மற்ற அண்ணன்கள் இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டு நின்றார்கள்.

அங்கே டாக்டர்கள் இரண்டு வழி சொன்னார்கள். உடனே ஆபரேஷன் செய்யலாம், அல்லது மருந்து கொடுத்து கொஞ்சம் உடம்பு தேறக் காத்திருக்கலாம். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, குடும்பம் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். போனில் பாதிப் பேர் கத்தி வைக்காதே என்றீர்கள், பாதிப் பேர் தள்ளிப்போடாதே என்றீர்கள். எல்லோரும் அன்பில்தான் சொன்னீர்கள். போனை வைத்தபிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மட்டும் நின்றேன். இருபது வருடமாக நைனா எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

உள்ளே போனேன்.

"இன்னா சொல்றாங்க?" என்றார்.

சொன்னேன்.

"நீ இன்னா சொல்ற?"

"எனக்குத் தெரியல நைனா."

"எனக்குந்தான் ஒருநாளும் தெரிஞ்சதில்ல. சும்மா ஒண்ணு சொல்லு. எனக்கு சொல்றதுக்கு ஒரு ஆளு கீது பாரு, அதுவே போதும்."

ஆபரேஷன் என்றேன். தலையை ஆட்டினார். முடிவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் கண்ணை மூடிப் படுத்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தார். பேசினார். காபி கேட்டார். பிறகு ஒரு காலை நேரத்தில் போய்விட்டார். காத்திருந்தால் இருந்திருப்பாரா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

நைனாவைத் தூக்கிப்போன டிரைவர் அண்ணன்களுக்கும், பாத்திமாக்காவுக்கும், அன்று லாரிப் படியில் ஏறிய டாக்டரம்மாவுக்கும், காரியங்கள் முடியும்வரை என்னோடு படுத்து எழுந்த அத்தைக்கும், தூரத்திலிருந்து வந்து எங்கள் சின்ன வீட்டில் நெருக்கி உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. திருப்பிச் செய்ய என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் செய்ய முடியும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து, கஷாயம் போடுவதா, டாக்டரிடம் ஓடுவதா என்று புரியாமல் நிற்கும்போது எனக்கு போன் செய்யுங்கள். எனக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் முடிவெடுக்கும்வரை போனை வைக்க மாட்டேன்.