பிஸ்கற் பேணிக்குள் போன காப்புகள்

ஆங்கிலத்தைச் சேர்த்தெழுதக் கற்பிப்பது எப்படி என்று எங்கள் மிஷன் பள்ளிக்குச் சீமையிலிருந்து ஒரு புத்தகம் வந்திருந்தது. முதுகு எப்படி நிமிர வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும், காகிதம் எவ்வளவு சரிய வேண்டும் என்றெல்லாம் படம் போட்டிருந்தார்கள். படத்திலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வாவிக் காற்றில் கொப்பி பறப்பதில்லை. உள்ளங்கை வியர்ப்பதில்லை. கையில் காப்பும் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் உண்டு. தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று முட்டாமல் மரியாதையாகத் தள்ளி நிற்பவை. அதில் பழகிய கை ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து பேனையைத் தூக்கிவிடும். தூக்காதே, தூக்காதே என்று தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தேன். கடைசியில் காதுதான் கைகொடுத்தது. காத்தான்குடிக் காப்பு வியாபாரியின் புண்ணியத்தில் வகுப்பு முழுக்கக் கண்ணாடிக் காப்பு. ஒரு சொல் முடியும்வரை பேனை ஓடினால் காப்புகள் மேசையில் உரசி ஒரே சீராகக் கிலுங்கும். பேனையைத் தூக்கினால் சத்தம் அறுந்துவிடும். நான் கரும்பலகையைப் பார்த்தபடியே, "மூண்டாம் வாங்கில ஆர் பேனையைத் தூக்கினது?" என்பேன். எனக்கு முதுகிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த வகுப்பில் நாவற்குடாப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் எழுதத் தொடங்கினால் மாரிமழை ஓட்டில் பெய்கிற மாதிரி விடாத சத்தம். அடுத்த வருடம் ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பரீட்சைக்கு அவளை அனுப்புவதாக இருந்தோம். எழுத்துக்கென்று அதில் தனிப் புள்ளி உண்டு. வீட்டில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பரீட்சை வரைக்குமாவது விடுங்கள் என்று கெஞ்சித்தான் அவளைப் பள்ளியில் வைத்திருந்தேன்.

எங்கள் தலைமையாசிரியையான வெள்ளைக்காரத் துரைசானிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. காப்பு ஈர மையை இழுத்துப் பூசுகிறது என்றும் ஒரு குற்றம் கண்டார். அது உண்மைதான். ஒற்றுத்தாள் என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதும் உண்மைதான். எழுத்துப் பாடத்துக்கு முன் எல்லாரும் காப்பைக் கழற்றி ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உமது இருதயம் நல்லது, ஆனால் பலவீனமுள்ளது" என்றார். அவர் தமிழை வேதப்புத்தகத்தில் படித்தவர்.

நாவற்குடாப் பிள்ளையின் காப்புகள் அவள் பெரியபிள்ளையான சடங்கில் மாமன் இட்டவை. நல்ல இறுக்கம். துரைசானி சவர்க்காரம் பூசித் தம் கையாலேயே இழுத்தார். இரண்டு உடைந்தன. மற்றவை பேணிக்குள் போய் அங்கேயே கிடந்தன.

மறுநாள் காலை தாய் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "கன்னிப்புள்ளைக்குக் காப்பு உடைக்கிற வழக்கம் எங்கட பக்கத்தில இல்ல, ரீச்சர். வெறுங்கையோட வீட்ட வந்தவள். தகப்பன் இன்னும் சோறு தின்னல்ல. மறுகா ஆர் இவளைக் கேட்டு வருவாங்க?"

துரைசானி ஆறுதல் சொல்லத் தீர்மானித்தார். என் வலது கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார்.

"அம்மாளே, இந்த உபாத்தியாயினியின் கரத்தைப் பாரும்! ஒரு காப்பும் இல்லை. ஆகையால் எழுத்து எவ்வளவு அழகு! அஞ்சாதேயும், உம்முடைய மகளும் இவரைப்போலவே ஆவாள்."

மந்திரத்துக்குப் பேர்போன எங்கள் ஊரில்கூட இதைவிடத் திறமான சாபத்தை எவரும் போட்டதில்லை. என் புருஷன் காய்ச்சலில் செத்து நாலு வருடம். நான் கிறிஸ்து வேதக்காரிதான். ஆனால் கைம்பெண்ணின் காப்பைக் கழற்றுவதில் எங்கள் பக்கத்தில் எல்லாச் சமயமும் ஒற்றுமை. தாய் என் கையை ஒருதரம் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு உச்சிவரை கொதித்தது. "துரைசானி அம்மா, என்ட கை எழுத்துக்காக வெறுங்கையாகல்ல. புருசன் செத்தபடியால ஆனது" என்றேன். என் புருஷன் செத்தது துரைசானிக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்து ஜெபம் சொன்னவரே அவர்தான். காப்புக்கும் அதற்கும் தொடுப்பு உண்டென்பதுதான் தெரியாது. என் வெறுங்கை தம் எளிமைப் போதனையின் வெற்றி என்று நாலு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாராம். அவர் முகம் சிவந்தது. அன்று மத்தியானமே பேணியைக் கொட்டிக் காப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். பேணிக்குள் பழையபடி பிஸ்கற் வந்தது.

பின்னேரம் நாவற்குடாவுக்கு நடந்தேன். கலியாணம் பேசுகிற வீடு என்பதால் வாசல் படலைக்கு வெளியிலேயே நின்று, காப்புச் சட்டம் ஒழிந்துபோனதைச் சொன்னேன். தாய் உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"பரீட்சை வரைக்கும் அனுப்புறன், ரீச்சர். உங்கட எழுத்து அவளுக்கு வரட்டும். உங்கட கை மட்டும் வரப்படாது" என்றாள். பிறகு, "குறை நினைக்காதங்க" என்றாள்.

"ஓம், வரப்படாது" என்றேன். வேறு என்ன சொல்வது? நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பாடத்துக்கு அந்தப் பிள்ளை புதுக் காப்போடு வந்தாள். சொல் முடியும்வரை அறாத அதே சத்தம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. அன்று முழுப் பாடத்தையும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே நடத்தினேன். நான் கண்ணைத் துடைத்ததை ஒரு பிள்ளையும் காணவில்லை. சீமைப் புத்தகத்தில் இல்லாத முறைதான், ஆனாலும் வசதியான முறை.