வெறும் போத்தல்

'இலக்கு வாடிக்கையாளர்' என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. மட்டக்களப்பு நகரத்தில் மூன்று நாள் வியாபாரப் பயிற்சிக்குப் போய்வந்து, கற்றதையெல்லாம் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் கடவுச்சீட்டு அலுமாரியில் இருந்தது. வாவியில் அப்பாவின் வலையில் விழுந்த மீன் வீட்டுக்குப் போதவில்லை. கட்டாருக்கு வீட்டுவேலைக்குப் போக அம்மா ஒரு ஏஜன்சியில் பதிந்திருந்தார். அதைத் தடுக்கத்தான் மாமா பயிற்சிக்கே போனார். காய்ந்த கூனி இறாலில் அம்மா இடிக்கும் கூனிச் சம்பலைப் போத்தலில் அடைத்து விற்பது அவருடைய திட்டம்.

"இலக்கு வாடிக்கையாளர் எண்டா, நம்மட சாமானை ஆர் வாங்குவாங்க எண்டு முதலே தெரிஞ்சு வைக்கிறது, அக்கா."

"கூனிச் சம்பலை ஆர் தின்பாங்க எண்டு தெரியாதா? வாய் இருக்கிற ஆக்கள்."

மாமா அசரவில்லை. சந்தை என்றால் கொட்டகை அல்ல, வாங்க நினைக்கிற ஆட்கள் என்றார். பிராண்ட் என்றால் பெயரைக் கேட்டதும் நாக்கில் ஊறுவது. மாதிரி என்றால் ருசி காட்ட முதல் தடவை சும்மா கொடுப்பது. மீள்வாடிக்கையாளர் என்றால் ருசி பார்த்தவர் காசோடு திரும்பி வருவது.

"முதல் தரம் வாங்கிறவர் ஆசையில வாங்குவார். ரெண்டாம் தரம் வாங்கிறவர்தான் நம்மளை வாழவைப்பார்."

அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்தேன்.

நான் டியூசனில் இருந்த ஒரு மாலை, மாமா பத்து வீடுகளுக்கு மாதிரிப் போத்தல் கொடுத்தார். இன்னும் வேண்டுமென்றால் போத்தலை வெறுமையாகத் திருப்பி அனுப்புங்கள், நிரப்பிக் காசுக்குத் தருவோம் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாராம். ஒரு வெறும் போத்தலாவது வந்தால் கட்டாருக்குப் போவதில்லை என்று அம்மாவும் வாக்குக் கொடுத்திருந்தார். இவையெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தவை. அன்று எனக்குச் சொன்னது, போத்தல்களை வாங்கி வா என்பது மட்டும்தான்.

எங்கள் ஊரில் உணவு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்த வீட்டை அது அவமதிக்கும். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் சொல்லச் சொல்ல எழுதிய மாமாவுக்கு இது ஞாபகம் வரவில்லை. முதல் போத்தல் பச்சரிசியோடு வந்தது. அடுத்ததில் பயறு. ஒன்றில் செத்தல் மிளகாய். ஒன்பது போத்தல்களும் நிறைந்தே வந்தன. நான் பெருமையோடு அடுக்கினேன்.

"நல்ல சனம்தான்," என்றார் அம்மா. "ஆனா ஒருத்தருக்கும் வேணாமாம்."

பத்தாவது போத்தல் எங்கள் வகுப்பு டீச்சருடையது. மலையகத்திலிருந்து வந்து ஊரில் அறையெடுத்துத் தங்கியிருந்தவர். தவணையின் கடைசி நாளில், கழுவித் துடைத்த போத்தலை என்னிடம் நீட்டி, "அம்மாகிட்ட குடுங்க," என்றார். உள்ளே ஒன்றுமில்லை.

எனக்கு டீச்சரைப் பிடிக்கும். அம்மா அவரைப் பற்றிக் குறைவாக நினைக்கக் கூடாது. வாவிக்கரை நாவல் மரத்தடியில் புத்தகப்பையை இறக்கிவைத்தேன். நசியாத பழங்களாகப் பொறுக்கி, போத்தலைக் கழுத்துவரை நிரப்பினேன்.

மாமா வாசலிலேயே நின்றார். போத்தலைக் கண்டதும், "டீச்சருமா?" என்றார். உள்ளே போய்க் கலண்டர் தாளைச் சுவரிலிருந்து கழற்றினார்.

அம்மா ஒரு பழத்தை எடுத்து மென்றார். "நல்ல இனிப்பு," என்றார். கொட்டையைத் துப்பிவிட்டு, மாமாவிடம், "தம்பி, ஏஜன்சிக்காரருக்கு நான் வாறன் எண்டு சொல்லு."

விடுமுறை முடியுமுன் அம்மா போய்விட்டார்.

பள்ளி தொடங்கிய அன்று டீச்சர் என் மேசையருகே குனிந்தார். "சம்பல் இன்னும் வரல்லியே? போத்தலைக் குடுத்தேனே?"

அவருடைய மானத்தைக் காப்பாற்றியவள் நான். அதற்குமேல் இன்னொரு போத்தலும் வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. "அம்மா இல்ல டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

மீள்வாடிக்கையாளர் என்ற சொல்லை அன்றும் என்னால் பிழையில்லாமல் எழுத முடிந்திருக்கும்.