பதினைந்து டிகிரி

தகரத்தில் வெட்டிய அந்தக் கோண அச்சு என் உள்ளங்கை அகலம்தான். அறுபதுகளில் தாராவிப் பட்டறை ஒன்றில் உகுலேலே செய்தோம். நான்கு நரம்புள்ள குட்டிக் கிதார் அது. நரம்பை முறுக்கும் அதன் தலைக்கட்டை எவ்வளவு பின்னால் சாய வேண்டும் என்று அச்சை வைத்துப் பலகையில் கோடு போடுவது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். கோட்டின் மேல் ரம்பம் ஓட்டுபவர் அத்தான், அக்காவின் கணவர். என்னைப் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

தலை நன்றாகச் சாய்ந்தால் நரம்பு அழுந்தி ஒலி கணீரென்று வரும். சாய்வு குறைந்தால் இரையும். ஆனால் ஒரே பலகையில் அதிகம் சாய்த்து அறுத்தால் மர ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, தட்டினாலே ஒடியும். தலையைத் தனியாக அறுத்து ஒட்டினால் உறுதிதான். முதலாளி விடமாட்டார். ஒட்டுக் கோட்டைப் பார்ப்பவன், உடைந்ததை ஒட்டி விற்கிறோம் என்று நினைப்பானாம்.

ரிப்பேருக்கு வந்த பெரிய கிதாரிலிருந்து அளவெடுத்து, பதினைந்து டிகிரிக்கு அச்சு வெட்டினேன். அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது கம்பி போட்ட பெரிய சாமானுக்குள்ள அளவுலா மாப்ளே. நைலான் நரம்புக்கு எட்டு போதும்.”

“அறுங்க அத்தான். சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.”

“சத்தம் வரும். தலை நிக்கணும்லா?”

அறுப்பவர் சொல்லி நான் கோட்டை மாற்றுவதா என்ற வீம்பு எனக்கு. அவர் அறுத்தார். சத்தம் வந்தது. ஒரு வாரத்தில் மாட்டுங்கா கடைக்கு அனுப்பிய சரக்கும் திரும்பி வந்தது. கைவண்டியில் போன குலுக்கலிலேயே தலைகள் ஒடிந்து நரம்பில் தொங்கின.

அறுத்த பிறகு மரத்தில் கோடு இருக்காது.

“யாரு வே அறுத்தது?” என்றார் முதலாளி.

“நாந்தான்” என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பேசுவதற்காக அவர் விட்ட இடம் அது. எனக்குத் தெரிந்தது. அச்சைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டேன்.

“நாளையிலேருந்து வராண்டாம்” என்றார் முதலாளி.

அத்தான் டிராம்பேயில் மூட்டை தூக்கப் போனார். அக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து எங்கெங்கோ சுற்றிவிட்டு அவள் வாசலில் போய் நின்றாலும், அவள் எனக்குத்தான் முதலில் சோறு வைக்கிறாள்.

அவர் போன மறுநாள் எட்டு டிகிரிக்கு வேறு அச்சு வெட்டினேன். அடுத்து அனுப்பியதில் ஒரு தலைகூட ஒடியவில்லை.

“பாத்தியாலே, ஆளை மாத்துனதும் சரியாயிட்டு” என்றார் முதலாளி.

“ஆமா மொதலாளி” என்றேன்.