பரங்கிக்காய் மஃபினும் பேருந்துச் சாவியும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையடிவாரத்து ஊரொன்றில் முப்பது வருஷம் தபாலாபீஸில் கடிதம் பிரித்துப் போட்டவள் லோர்னா. விலாசம் தப்பாக எழுதிய கடிதத்தைக்கூடத் திருப்பி அனுப்ப மாட்டாள்; ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்டவளிடம் போய் டாக்டர், "டெல்பெர்ட்டுக்குச் சர்க்கரை இறங்கலேன்னா மாசக் கடைசியில நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஓட்டுநர் தகுதிச் சான்றில் அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அவள் புருஷன் பள்ளிப் பேருந்தைத் தொட முடியாது. அந்த மஞ்சள் வண்டிதான் அவனுக்கு உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தே உளுத்துப் போவான் என்று அவளுக்குத் தெரியும்.

வினை, மார்ஜ் என்பவளின் ஆப்பிள் தோட்டத்துக் கடையில் இருந்தது. இலை சிவக்கத் தொடங்கியதும் அங்கே ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்த டோனட் சுடச்சுட இறங்கும். பேருந்துக் கொட்டகைக்குப் போகிற வழியில் தினமும் மூன்று தின்பான் டெல்பெர்ட். வீட்டில் கேட்டால் ஒன்றுதான் என்பான்.

"நாளையிலேருந்து காலைச் சாப்பாடு பரங்கிக்காய் மஃபின்" என்றாள் லோர்னா. "மார்ஜ் கடைப் பக்கம் வண்டி திரும்பக் கூடாது."

ஓட்ஸ் மாவு, டப்பாவில் அடைத்த பரங்கி விழுது, பட்டை, சுக்கு, ஜாதிக்காய். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. டெல்பெர்ட் ஒரு வாய் கடித்தான்.

"லோர்னா, பின் கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்குல்ல? இதை முட்டுக் குடுத்தா அசையாது."

அவள் அசரவில்லை. கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்கி வந்து மறுபடி சுட்டாள். மறுநாள் நான்கு மஃபினைத் தின்று காகிதத்தையும் வழித்து நக்கினான்.

"அடி சக்கை! இப்படிச் செய்யத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்தக் கல்லைக் குடுத்தியா?"

லோர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலி டப்பாவைக் கழுவும்போதுதான் எழுத்தைப் படித்தாள். கடை அலமாரியில் வெறும் பரங்கி விழுதும், பண்டிகைப் பலகாரத்துக்கென்று பாகும் மசாலாவும் கலந்த விழுதும் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டிலும் ஒரே படம். அவள் எடுத்தது இரண்டாவது. அவன் தின்றதெல்லாம் சர்க்கரை. சீ, முப்பது வருஷம் விலாசம் படித்த கண்ணா இது!

சொல்லாமல் விட்டால் அவன் சந்தோஷமாகத் தின்றுகொண்டிருப்பான், சாவியும் போய்விடும். சாயங்காலம் சொன்னாள். அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அப்போ மார்ஜே தேவலை. அவ சர்க்கரைன்னு சொல்லித்தானே குடுக்கறா!"

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. "சிரி, நல்லா சிரி. வண்டிச் சாவியைத் திருப்பிக் குடுக்கற அன்னைக்கும் சிரிப்பு வருதான்னு பார்ப்போம்."

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து போனான்.

இனி டப்பாவே வேண்டாம் என்று முடிவு கட்டினாள். வயலுக்கே போய்ச் சமையலுக்கான குட்டிப் பரங்கிக்காய்களை வாங்கி வந்தாள். பிளந்து, அடுப்பில் சுட்டு, துணியில் கட்டித் தண்ணீர் வடித்தாள். இரண்டே பேரீச்சம்பழம், ஒரு பிடி வால்நட், கிராம்பு கொஞ்சம் தூக்கலாக. முதல் தட்டு கோழிக்குப் போயிற்று. இரண்டாவதும் கோழிக்கே. மூன்றாவது தட்டு மேலே வெடித்து, வாசனை மாடிவரை ஏறியது.

காலையில் டெல்பெர்ட் ஒன்றை எடுத்து மெதுவாக மென்றான்.

"எப்படி?"

"திங்கலாம்."

அவ்வளவுதான். இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். போகிற வழியில் கோழிக்கோ நாய்க்கோ வீசிவிட்டு நேரே டோனட்டுக்குத்தான் போவான் என்று பொருமிக்கொண்டே அவள் பாத்திரம் தேய்த்தாள்.

போன் அடித்தது. மார்ஜ்.

"லோர்னா, உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மூணு டோனட்டைச் சுத்தி வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறேன். வேகத்தைக்கூடக் குறைக்காம போயிட்டாரு. கையை ஆட்டினாரு, ஆனா பேச முடியல. வாய் நிறைய எதையோ மென்னுக்கிட்டு இருந்தாரு."

லோர்னா ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மார்ஜ், நல்லாத்தான் இருக்கான்" என்று போனை வைத்துவிட்டு, அடுத்த பரங்கிக்காயைப் பிளந்தாள்.