சைவக்கடைக்குச் சரித்திரம் எழுதின கதை

சாப்பாட்டுக்கடையில் பரிமாறுகிறவன் வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டி "ஓம்" சொல்லிப் பழகியவன். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சைவக்கடையில் இருபது வருசமாகப் பரிமாறுகிறேன். போன வருசம் எதிர்ப்பக்கத்தில் ஒரு கடை திறந்தார்கள். திறந்த அன்றே 'பரம்பரைச் சுவை' என்று பெரிய பலகை. எங்கள் முதலாளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்களுடையது அவருடைய தகப்பன் தொடங்கிய கடை. ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. சண்டைக்கால இடம்பெயர்வோடு எல்லாம் போய்விட்டது. பழைய வாடிக்கையாளரைக் கேட்டுக் கடையின் சரித்திரத்தை எழுதச் சொல்லி என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார்.

மேசை

கனடாவில் இருந்து வந்த ஒரு ஐயா சுவரோரத்து மேசையைத் தடவித் தடவிக் கண் கலங்கினார். மனைவியை முதன்முதல் பார்த்தது அந்த மேசையிலாம். இரண்டு வருசத்துக்கு முன் அதை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவனே நான்தான். வேறு நாள் என்றால் ஓம் சொல்லியிருப்பேன். சரித்திரம் அல்லவா, உண்மையைச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, நீர் பிறக்க முன்னமே எனக்கு இந்த மேசையைத் தெரியும்."

படம்

முதலாளியின் தகப்பனுடைய படம் ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளி சொல்லச் சொல்ல ஓர் ஓவியர் வரைந்தார். மூக்கு மட்டும் பிடிபடவில்லை. அந்த நேரம் புத்தூரில் இருந்து பால் கொண்டுவரும் அண்ணை உள்ளே வர, அவருடைய மூக்கைப் பார்த்து வரைந்தார். பிறகு கண்ணையும். முடிவில் படத்தில் இருந்தது விபூதி பூசிய பால்கார அண்ணை. அதற்கே மாலை போட்டுத் தொங்கவிட்டோம். உயிரோடு மாலை விழுந்தது அண்ணைக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து பின்கதவால்தான் பால் வருகிறது.

வட்டுக்கோட்டையில் இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். முதலாளியின் தகப்பனோடு பழகியவர். படத்துக்கு முன் கனநேரம் நின்றார். முதலாளி நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"அச்சொட்டா அவர்தான். சாம்பாருக்குத் தண்ணி விட்டுப்போட்டு உப்பிடித்தான் பாப்பார்."

தோசை

குருநகரில் இருந்து ஒரு அம்மா தனியாக வந்தார். கடல்தொழில் செய்த கணவர் தவறி ஒரு வருசம். இந்த அம்மா தோசை சுடும்போதெல்லாம், எங்கள் கடைத் தோசை மாதிரி இல்லை என்று முப்பது வருசமாகக் குறை சொன்ன மனுசனாம். அது எப்படிப்பட்ட தோசை என்று பார்க்க வந்திருந்தார்.

சமையல்காரரிடம் சொல்லிக் கவனமாக ஊற்றுவித்தேன். மெதுவாக முழுவதையும் சாப்பிட்டார். புளிப்புப் போதாது, சம்பலில் உப்பு அதிகம், இதற்காகவா நான் அத்தனை பேச்சு வாங்கினேன் என்று என்னைக் கேட்டார். ஓம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு முறையும் முழுத் தோசை, புதுக் குறை. பிடிக்காவிட்டால் ஏன் அம்மா வாறியள் என்று ஒருநாள் மெல்லக் கேட்டுவிட்டேன்.

"வேறை எங்கை போய் நான் அந்த மனுசனோடை சண்டை பிடிக்கிறது?"

பலகை

முதலாளி கொப்பியை இரண்டு தரம் வாசித்தார். அடுத்த நாள் பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டுக் கடைப் பலகையில் 'தோசை உண்டு' என்று மட்டும் எழுதுவித்தார். எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து, தொடங்கின வருசம் போடவில்லையா என்று விசாரித்தார். முதலாளி ஏணியைப் பிடித்தபடி சொன்னார்:

"அது சாப்பிட வாறவைக்குத் தெரியும்."

இந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடையின் சரித்திரம் தெரியாத ஒரே ஆள், அங்கே வேலை செய்கிறவன்தான்.