காலி பண்ணிட்டாங்க சார்

என் மகள் போலீஸ் வேலைக்கான பரீட்சையில் தேறினாள். ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறினாள். மிச்சமிருந்தது நன்னடத்தை விசாரணை மட்டும். அதாவது, ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து பெண் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவார். என்னைப் பற்றி என் மாமனார் இப்படி விசாரித்திருந்தால் இந்தப் பெண்ணே பிறந்திருக்க மாட்டாள்.

எங்களுக்கு உதறலெடுக்கக் காரணம் இருந்தது. காலேஜில் படித்தபோது, ஸ்ரீரங்கத்தில் பஸ் நிற்காமல் போகிறதென்று பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இவளும் உட்கார்ந்தாள். போலீஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, லெமன் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டது.

"மண்டபம் நல்லாத்தான் இருக்கு. உன் கல்யாணத்துக்கும் இதையே புக் பண்ணிடலாமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கேஸ் போட்டிருந்தார்கள்.

கேஸ் இழுத்தது. சாட்சிகள் வரவில்லை. கடைசியில் விடுதலை. நான் வேலை பார்க்கும் ஆலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். 'விடுதலை'க்கு முன்னால் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேஸ் விவரத்தை அவளே எழுதிவிட்டாள். "மறைச்சா அதுக்கே தூக்கிடுவாங்கப்பா."

விசாரணைக்காகக் காத்திருந்தோம். லீவு போட்டு, கைலாசபுரத்தில் ஆலை கொடுத்த குவார்ட்டர்ஸில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். லுங்கிக்குத் தடை. வாய்க்கும் தடை. "அவர் வந்தா நீங்க பேசவே கூடாது. வேலை கிடைச்சப்புறம் ஜோக்கடிங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். காய் வாங்கப் போனபோதுகூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனோம். யாரும் வரவில்லை.

எதிர்வீட்டு அக்காதான் வந்தார், முகமெல்லாம் பெருமையாக.

"சார், கவலையே படாதீங்க. காலையில மஃப்டில ஒருத்தன் வந்து எங்கிட்ட பாப்பாவ விசாரிச்சான். கிராப்பையும் ஷூவையும் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. காலி பண்ணிட்டு மருங்காபுரி போயிட்டாங்கன்னு அனுப்பிட்டேன்."

அந்தப் பழைய கேஸுக்கு சம்மன் கொண்டு வந்தவரையும் அக்கா இப்படித்தான் அனுப்பிவைத்தார். அன்று நாங்கள் நன்றி சொன்னோம்.

"ஐயோ அக்கா, அவரு வேலை விஷயமா வந்தவரு!" என்று என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"போலீஸு வேலை குடுக்கவா வீட்டுக்கு வரும்?"

மகளையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருங்காபுரிலேந்தா வரீங்க?"

நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். இழந்துவிட்டேன்.

"நான்தான் சார் அப்படிச் சொன்னேன். புள்ள தங்கம் சார்" என்றார் அக்கா.

"தங்கத்து மேல கேஸ் இருந்திருக்கேம்மா?"

"அது நீங்க போட்டதுதானே சார்?"

ஏட்டின் பேனா நின்றது. நான் கூரையைப் பார்த்தேன். அவர் என் மகள் பக்கம் திரும்பினார்.

"அதே வீட்லதான் இருக்கீங்கன்னு எழுதிடறேம்மா. கேஸ் என் கையில இல்ல. சந்தேகத்தின் பலன்னு விட்டிருக்காங்க. நீ பண்ணலன்னு யாரும் சொல்லல. நிரூபிக்க முடியலன்னுதான் சொல்லியிருக்காங்க. மேல இருக்கறவங்க அதத்தான் பாப்பாங்க."

"ரோட்டுல உக்காந்தது நெஜம்தான் சார்" என்றாள் மகள்.

"அத வேற எங்கயும் போயி சொல்லிடாத தாயி."

கொஞ்ச நாளில் பதில் வந்தது: வழக்கில் சம்பந்தப்பட்டவர், தகுதியில்லை. மதுரையில் ஹைகோர்ட்டில் மனு போடலாம் என்றார் வக்கீல்.

"கேஸ் இருந்ததால வேலை இல்ல. வேலை வேணும்னா கேஸ் போடணும். நல்லா இருக்கே!" என்றேன்.

"அது ஜோக் இல்லப்பா. இருக்கற ஒரே வழி அதான். கையெழுத்துப் போட்டுட்டேன்."

மனு தள்ளித் தள்ளிப் போகிறது. வயது வரம்பு மட்டும் தள்ளிப் போவதில்லை. தினமும் காலையில் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். நான் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறேன். எவ்வளவு ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாயே என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டுகிறேன்.