பெல்ட்டைப் பிடித்த கை

இதை நம்பச் சொல்லி நான் யாரிடமும் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. அன்று அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வீடியோவும் இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். ‘என்ன ஒரு ஷாட்!’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்த ஷாட்டில் கேமரா என் உடம்பில்தான் இருந்தது. ஆனால் எடுத்தது நான்தானா என்று கேட்டால்... தெரியவில்லை.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு மேல் நடந்தது.

என் வேலை ஸ்டெடிகேம். மார்பில் கவசம் மாதிரி ஒன்றை மாட்டி, அதிலிருந்து நீளும் இரும்புக் கையில் கேமராவைத் தொங்கவிட்டு நடப்பேன். ஓடினாலும் படம் ஆடாது. பாட்டு வீடியோக்களில் பாடுகிறவர் முன்னால் நடந்து வருவார். நான் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க வேண்டும். எனக்கு முதுகில் கண் கிடையாது. அதனால் ஒருவர் பின்னால் நின்று என் பெல்ட்டைப் பிடித்து வழிநடத்துவார். இழுத்தால் வா. ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் திரும்பு. இரண்டு தட்டு தட்டினால் நில்.

ஒன்பது வருடமாக அந்தக் கை என் தம்பியுடையது. மற்றவர்கள் மாதிரி கொத்தாகப் பிடிக்க மாட்டான். இரண்டே விரலைக் கொக்கி மாதிரி பெல்ட்டுக்குள் மாட்டிக்கொள்வான். ஒரு முறைகூட என்னை எதிலும் முட்டவிட்டதில்லை.

அவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவன். நான் அழவில்லை. வைராக்கியம் எல்லாம் இல்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டேன். தூங்கினேன். கூப்பிட்ட வேலைக்குப் போனேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பாட்டு வீடியோ எடுத்த அந்த வீடு ஒரு சாதாரணத் தெருவில் இருந்தது. ரொம்ப நாளாக ஆள் இல்லாத வீடு, ஆனால் பெயின்ட் மட்டும் புதிது. முன்னறை. அதிலிருந்து நீண்டு குறுகலாகப் போகும் நடைவழி. அதன் முடிவில் ஒரு பக்கம் பின்கதவு, எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத சாமான் அறை. அவ்வளவுதான் எங்கள் பாதை.

டைரக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். எங்களை நடத்திக் காட்டியபடியே சொன்னார்.

“பாட்டுல அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போறாள்னு ஒரு வரி கூட இல்ல. அதை நாமதான் சொல்லணும். கேமரா பின்னால போயிட்டே இருக்கு, அவ விடாம வர்றா. ரெண்டு சுவரும் நெருக்குது. கடைசில பின்கதவு திறக்குது. வெயில்! அப்படியே வெள்ளையாப் போயிடணும். நடுவுல ‘கட்’டே கிடையாது, ஒரே ஷாட்.”

பாட்டில் நேரம் இரவு. அதனால் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடினோம். புகை மெஷினைப் போட்டோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே நடுநிசி.

பெல்ட் பிடிக்க வர வேண்டியவர் வரவில்லை. எங்கள் வேனை ஓட்டும் அண்ணன் முன்வந்தார்.

“வண்டியையே ரிவர்ஸ்ல எடுக்கறேன். உங்களை எடுக்க மாட்டேனா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் நானும் சிரித்தேன்.

ஒத்திகையில் இரண்டு முறை என்னைச் சுவரில் மோதவிட்டார். சட்டையும் பெல்ட்டுமாகச் சேர்த்துக் கசக்கிப் பிடித்திருந்தார். கை நடுங்கியது. மூன்று பத்துக்கு டேக். டைரக்டரும் மற்றவர்களும் முன்னறையில், மானிட்டருக்கு முன்னால். லைட்மேன் மட்டும் வெளியே போய், பின்கதவைத் திறக்கத் தயாராக நின்றார்.

பாட்டு ஒலித்தது. பாடகி வாயசைத்தபடி நடந்தாள். நான் பின்னோக்கி நகர்ந்தேன்.

ஐந்தாறு அடி போயிருப்போம், இன்னும் முன்னறைக்குள்தான். பெல்ட்டில் இருந்த பிடி விட்டது. பின்னால் இருமல் சத்தம், வாசல் பக்கம் ஓடும் காலடி. நின்றுவிடலாம் என்று நினைத்தேன்...

அதற்குள் மறுபடி பிடித்தது.

இந்த முறை நடுக்கம் இல்லை. கொத்தாகவும் இல்லை. இரண்டு விரல். கொக்கி மாதிரி.

நான் எதுவும் யோசிக்கவில்லை. நடந்தேன்.

புகையின் வாடை மாறியிருந்தது. மெஷின் புகையில் லேசான தித்திப்பு இருக்கும். இதில் வயர் கருகிய நெடி. பாட்டு எங்கேயோ தூரத்தில், தலையணைக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது.

கேமராவின் சின்னத் திரையில் பாடகியின் முகம் மட்டும். அவள் நடை மாறிவிட்டது. சின்னச் சின்ன அடி... குழந்தை நடப்பது போல.

நடைவழி முடிந்தது. பின்கதவுப் பக்கம் திரும்ப வேண்டும்.

விரல்கள் எதிர்ப்பக்கம் அழுத்தின.

தப்பு என்று தெரிந்தது. இருந்தும் திரும்பினேன். அந்தப் பிடியைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாகக் கண்ணீரில் திரை மங்கியது.

சாமான் அறை. இருட்டு.

பாடகியின் வாயசைவு நின்றுவிட்டது. ஆனால் அவள் வந்துகொண்டே இருந்தாள்.

இன்னும் ஓர் அடி...

தட்... தட்.

நின்றேன்.

பாட்டும் நின்றது.

“போதும்டா, விடு,” என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. இடுப்பில் பிடி இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

சுவர். என் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

பாடகி தோளைத் தடவியபடி கேட்டாள்.

“என்னைப் பின்னாலேர்ந்து தள்ளிட்டு வந்தது யாரு? ரெண்டு தோளையும் இப்படியா அழுத்துவாங்க?”

வேன் ஓட்டும் அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“மன்னிச்சுக்கங்க. புகை தாங்கல, அஞ்சாறு அடியிலேயே விட்டுட்டேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருந்தீங்க. கத்தினா டேக் கெட்டுடுமேன்னு...”

மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். பாடகிக்குப் பின்னால் புகைதான். யாரும் இல்லை. அவள் தோளில், இரண்டு பக்கமும், சட்டைத் துணி மட்டும் அழுந்தியிருந்தது. டைரக்டர் மூன்று முறை பார்த்தார்.

“நான் நினைச்சது இது இல்ல,” என்றார் மெதுவாக. “வெளிச்சத்துக்குப் பக்கத்துல வந்துட்டு இருட்டுக்குள்ள போயிடறா. ஆனா இதுதான் கதை. இதையே வச்சுக்கலாம்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“அவன் வந்தான்மா.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மறுநாள் பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டாள். பல மாதம் கழித்து அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். தம்பி வந்தான், என்னைப் பிடித்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடியோ வெளியாகும் வரை.

வெளியான வாரம் ஒரு போன். எங்கள் லைட்மேனின் அக்கா கணவர். தீயணைப்பு நிலையத்தில் வேலை.

“சார், அந்த வீட்டுக்குள்ள நான் போயிருக்கேன். நாலு வருஷம் ஆச்சு. மெயின் போர்டுல தீ. வீடு முழுக்கப் புகை. சாமான் அறைலதான் மூணு பேரையும் எடுத்தோம். அப்பா, அம்மா, சின்னப் பொண்ணு. நெருப்பு அங்க வரவே இல்ல. புகைதான்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“பொண்ணு பயப்படக் கூடாதுன்னு அப்பா அவளைப் பார்த்துட்டே பின்னால நடந்து போயிருக்காரு. அம்மா கை ரெண்டும் பொண்ணு தோள்ல. கிடந்த நிலையிலேயே தெரிஞ்சுது. நீங்க எடுத்த மாதிரியேதான் சார். இது எந்தப் பேப்பர்லயும் வரல. உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல. அவங்க ஆறு வருஷம் குடியிருந்த வீடு. பின்கதவு கைக்கெட்டுற தூரம், தாழ்ப்பாள் கூடப் போடல. அவரு எப்படி அந்தப் பக்கம் திரும்பினாரு? இன்னொண்ணு... அவரோட பெல்ட், முதுகுப் பக்கம் மட்டும் நல்லா இழுபட்டிருந்துச்சு. அவருக்குப் பின்னால ஆளே இல்ல சார். சுவர்தான்.”

என் வாய் தானாகக் கேட்டது.

“அவருக்கு வேண்டியவங்க யாராவது... அதுக்கு முன்னாடியே தவறிப்போயிருந்தாங்களா?”

“தெரியலையே சார். ஏன் கேக்கறீங்க?”

போனை வைத்துவிட்டேன்.

அன்று என்னைப் பிடித்தது தம்பிதானா என்ற சந்தேகத்தை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.